நியூ கான்செப்ட் இங்கிலீஷ் (சீனப் பதிப்பு, 4 தொகுதிகள்): வாங்கலாமா?

சீனாவில் நாற்பது வயதைத் தாண்டிய, ஓரளவு நன்றாக ஆங்கிலம் பேசுகிற யாரிடமாவது "எதைப் படித்துக் கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: ஷின் கைநியன். நியூ கான்செப்ட் இங்கிலீஷ் என்ற பாடநூல் வரிசையின் சீனப் பெயர் அது. எல். ஜி. அலெக்சாண்டர் என்ற ஆங்கிலேயர் எழுதி, லாங்மேன் நிறுவனம் 1967இல் வெளியிட்டது. சீனப் பேராசிரியர் ஹெ சீஷின் கூட்டாசிரியராகச் சேர்ந்து, பெய்ஜிங்கில் உள்ள அயல்மொழிக் கல்வி ஆய்வுப் பதிப்பகம் 1997இல் கொண்டுவந்த திருத்திய பதிப்புதான் இன்று கடைகளில் கிடைப்பது.

நான் குவாங்சோவில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இங்கே வேலைக்கும் வியாபாரத்துக்கும் வந்து தங்கியிருக்கிற நம் ஊர்க் குடும்பங்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "பிள்ளையோட ஃபிரெண்ட்ஸ் எல்லாரும் இந்த செட் வெச்சிருக்காங்க, நாமளும் வாங்கலாமா?" என்பதுதான். சீன நண்பர்களும் தங்கள் பிள்ளைகளுக்காக இதையே கேட்கிறார்கள். நான்கு தொகுதிகளையும் வகுப்பில் நடத்திப் பார்த்தவள் என்ற முறையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் தொகுதியைத் தாராளமாக வாங்குங்கள். முதல் தொகுதி தேவையைப் பொறுத்தது. மூன்றாவது எல்லோருக்கும் ஏற்றதில்லை. நான்காவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் எதை வாங்கினாலும் ஒலிப்பதிவு இல்லாமல் வாங்காதீர்கள். ஒலி இல்லாத ஷின் கைநியன் பாதிப் புத்தகம்கூட இல்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இரண்டாம் தொகுதியின் ஒவ்வொரு பாடத்திலும் தலைப்புக்குக் கீழே ஒரு சிறு கட்டளை இருக்கிறது. முதலில் கேள், பிறகு இந்தக் கேள்விக்குப் பதில் சொல். முதல் பாடத்தில் அந்தக் கேள்வி, கதை சொல்பவர் தனக்குப் பின்னால் இருந்தவர்களிடம் ஏன் புகார் சொன்னார் என்பது. கதை இதுதான். ஒருவர் நாடகம் பார்க்கப் போகிறார். பின்வரிசையில் ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் சத்தமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நடிகர்கள் பேசுவது காதில் விழவில்லை. திரும்பித் திரும்பி முறைத்துப் பார்க்கிறார், பயனில்லை. கடைசியில், "எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை" என்கிறார். அதற்கு அந்த இளைஞன், "அது உங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம், நாங்கள் தனிப்பட்ட முறையில் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்கிறான். அவ்வளவுதான் பாடம். நூறு சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும்.

புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டு ஒலிப்பதிவை ஓடவிட்டால், அந்தக் கடைசி வரியில் வகுப்பு சிரிக்கும். முதல் தடவை முன்வரிசையில் ஒருவர் இருவர், மறுபடி போட்டால் இன்னும் சிலர். புரிந்துவிட்டது என்பதற்கு எனக்கு அந்தச் சிரிப்பே போதும், தேர்வு எதுவும் வைக்க வேண்டியதில்லை. அதே பாடத்தைப் புத்தகத்தைத் திறந்து, சீன மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டுத் தொடங்கினால் யாரும் சிரிப்பதில்லை. கதை முன்பே தெரிந்துபோவதால் காதுக்கு வேலை இல்லாமல் போகிறது. முன்னுரையிலேயே அலெக்சாண்டர் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். கேட்காத எதையும் பேச வைக்காதே, பேசாத எதையும் படிக்க வைக்காதே, படிக்காத எதையும் எழுத வைக்காதே. புத்தகத்தின் மொத்த வடிவமும் இந்த வரிசையில்தான் நிற்கிறது. முன்னுரையை யாரும் படிப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

இந்த வரிசை சீனாவில் ஏன் இவ்வளவு பெரிய விஷயமானது என்று புரிய, நான் இருக்கிற ஊரின் பழைய கதைக்குப் போக வேண்டும். 1757 முதல் 1842 வரை மேற்கத்தியக் கப்பல்கள் வந்து வியாபாரம் செய்ய அனுமதிக்கப்பட்ட ஒரே சீனத் துறைமுகம் குவாங்சோ, அப்போதைய காண்டன். அயல்நாட்டார் தங்கிய கிடங்கு வீடுகள் ஷிசான்ஹாங் என்ற ஆற்றோரப் பகுதியில் இருந்தன. இன்று அந்தப் பெயர் கொண்ட தெருவில் ரெடிமேட் துணி மொத்த வியாபாரம் நடக்கிறது. காலையில் போனால் துணி மூட்டைகளைத் தாண்டித்தான் நடக்க முடியும். அந்தக் காலத்தில் அங்கே கடைக்காரர்களும் வேலைக்காரர்களும் ஆங்கிலம் கற்றது சில்லறைக் காசுக்கு விற்ற சிறு கையேடுகளில் இருந்து. 'செம்முடிக்காரர் பேச்சு' என்று அவற்றுக்குப் பெயர். சில பக்கங்கள், சில நூறு சொற்கள். ஓர் ஆங்கில எழுத்துகூட அதில் கிடையாது. மேலே பொருள் சீனத்தில் இருக்கும், கீழே அதன் ஆங்கில ஒலி, இந்த வட்டாரப் பேச்சான கான்டனீஸ் உச்சரிப்புள்ள சீன எழுத்துகளில் இருக்கும். மூன்று என்ற எண்ணுக்கு 'டெய்லெய்' என்று ஒலிக்கும் இரண்டு எழுத்துகள். 'த்ரீ' என்ற ஒலி கான்டனீஸ் நாக்கில் நிற்கிற வடிவம் அதுதான்.

அந்தக் கையேடுகளைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அவற்றின் மீது மரியாதை அதிகம். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஒலியைப் பதிந்து வைக்கக் கருவி இல்லை. அப்படியிருந்தும் எழுத்தை விட்டுவிட்டு ஒலியைப் பிடித்தார்கள். நினைத்துப் பார்த்தால், அலெக்சாண்டர் சொன்ன வரிசையை முதலில் கண்டுபிடித்தவர்கள் இந்தக் கிடங்கு வாசல் கடைக்காரர்கள்தான். 1862இல் டாங் திங்ஷூ என்ற வணிகர் குவாங்சோவில் ஆறு தொகுதிகளில் ஓர் ஆங்கிலப் பாடநூல் வெளியிட்டார். அதுவும் கான்டனீஸ் ஒலியை வைத்துத்தான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம்: அவர் ஆங்கிலத்தை ஆசிரியரின் வாயிலிருந்து நேராகக் கேட்டுக் கற்றவர். மகாவ்வில் 1839இல் தொடங்கி 1842இல் ஹாங்காங்குக்கு மாறிய மோரிசன் கல்விக் கழகப் பள்ளியில், சாமுவேல் பிரவுன் என்ற அமெரிக்கரிடம் படித்தார். அதே பள்ளியில் படித்த யுங் விங் 1854இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பட்டம் வாங்கிய முதல் சீனர் அவர்தான். பின்னால் அவருடைய முயற்சியால் 1872 தொடங்கி 120 சிறுவர்கள் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார்கள்.

டாங்கின் நூல் வந்த அதே 1862இல் பெய்ஜிங்கில் அரசு தோங்வென் குவான் என்ற மொழிப்பள்ளியைத் தொடங்கியது. முதல் ஆங்கில வகுப்பில் பத்தே மாணவர்கள். இரண்டு அபினிப் போர்களில் தோற்று, ஒப்பந்தங்களின் ஆங்கில வாசகத்தைத் தானே படிக்க முடியாமல் தவித்த பிறகு அரசு எடுத்த முடிவு அது. அயல்நாட்டு ஆசிரியரின் குரலை நேரில் கேட்கும் வாய்ப்பு இப்படி ஒரு சிலருக்கு மட்டும் கிடைத்தது. மற்றவர்களுக்குக் கிடைத்தது ஷாங்காய்த் தெருவில் பாடிய பாட்டு: 'வா'வுக்குக் 'காங்மு', 'போ'வுக்குக் 'கு' என்று நிங்போ ஊர் உச்சரிப்பில் மனப்பாடம் செய்ய ஏற்ற வரிகள்.

அதற்கு அடுத்த கட்டம் நம்மைத் தொடுகிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1897இல் ஷாங்காயில் அச்சுக் கோர்க்கும் தொழிலாளர்களாக இருந்தவர்கள் சேர்ந்து கமர்ஷியல் பிரஸ் என்ற அச்சகத்தைத் தொடங்கினார்கள். பின்னால் சீனாவின் மிகப் பெரிய பதிப்பகமாக வளர்ந்த நிறுவனம் அது. அதைத் தூக்கி நிறுத்திய முதல் வெற்றி 1898இல் வந்த ஓர் ஆங்கில அரிச்சுவடி. அதன் மூலம், பிரிட்டிஷார் இந்தியப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தயாரித்த பிரைமர். ஷியே ஹோங்லாய் என்பவர் அதற்குச் சீன மொழிபெயர்ப்பும் குறிப்புகளும் சேர்த்தார். இந்தியாவில் நம் கொள்ளுத் தாத்தாக்களின் தலைமுறைப் பிள்ளைகளுக்கென்று எழுதப்பட்ட வரிகளை ஷாங்காய்ப் பிள்ளைகளும் படித்தார்கள் என்பதை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. இன்று இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு குவாங்சோவில் ஆங்கிலம் நடத்துகிறவளுக்கு அது வேறு மாதிரி நெருக்கம்.

ஆனால் அந்த நூலோடு ஒரு பழக்கமும் வேர்விட்டது. ஆங்கில வரி, பக்கத்திலேயே சீன வரி. ஒன்றைப் பார்த்து மற்றதைப் புரிந்துகொள்வது. கற்பவரின் கண் பழகியது, காது பழகவில்லை. 1928இல் எழுத்தாளர் லின் யூடாங் எழுதிய கைமிங் ஆங்கில வாசகம் வந்தபோது அது ஒரு புதுக் காற்று. ஓவியர் ஃபெங் சிகாயின் கோட்டோவியங்கள், சிறு கதைகள், பேசுகிற ஆங்கிலம். லின் யூடாங்குக்கு அது பெரும் பணம் சம்பாதித்துக் கொடுத்தது. அது போன்ற பாடநூலைப் பிள்ளைகள் விரும்பிப் படித்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அந்தப் படங்களை இன்று பார்த்தாலும் அடுத்த பக்கம் புரட்டத் தோன்றுகிறது.

1949க்குப் பிறகு பள்ளிகளில் ரஷ்ய மொழி வந்தது. சோவியத்தோடு உறவு கசந்ததும் ஆங்கிலம் திரும்பி வரத் தொடங்கியது. அதற்குள் 1966இல் கலாச்சாரப் புரட்சி வந்து பல்கலைக்கழகங்களை முடக்கிவிட்டது. அந்தக் காலத்து ஆங்கிலப் பாடநூல்களின் முதல் பாடம் 'தலைவர் மாவோ நீடூழி வாழ்க'. வாழ்க கோஷம் போடத் தெரிந்த பிள்ளைக்கு, பேருந்து நிலையம் எங்கே என்று கேட்கத் தெரியாது. 1977இல் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு மீண்டும் வந்தது. ஆங்கில மதிப்பெண்ணின் எடை ஆண்டுக்கு ஆண்டு கூடி, 1983இல் ஆங்கிலத்தின் முழு மதிப்பெண்ணும் மொத்தத்தில் சேர்ந்தது. நாடு முழுக்க ஒரே நேரத்தில் ஆங்கிலப் பசி. சொல்லிக்கொடுக்கவோ ஆள் போதாது. வானொலி வகுப்புகள் வந்தன. 1982இல் பிபிசியின் 'ஃபாலோ மீ' தொடர், கேத்தி ஃபிளவர் தொகுத்து வழங்க, சீனத் தொலைக்காட்சியில் வந்தது. டிவி இருந்த வீட்டில் அக்கம்பக்கத்தார் கூடினார்கள். அப்புறம் கேசட். கேசட்டோடு சேர்ந்து ஷின் கைநியன்.

என்னோடு வேலை செய்யும் ஆசிரியை ஒருவரின் அப்பாவிடம் அந்தக் காலத்துப் பிரதி இருக்கிறது. ஓய்வுபெற்ற தொழிற்சாலை டெக்னீஷியன் அவர். ஷூஷூ, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடுகிறேன். அவர் என்னை லாவ்ஷி, அதாவது ஆசிரியர், என்கிறார், என் அப்பா வயது இருந்தும். அவரிடம் இருப்பது இரண்டாம் தொகுதி, லாங்மேன் அச்சில்லை. சீனா 1992இல்தான் பெர்ன் காப்புரிமை உடன்படிக்கையில் சேர்ந்தது. அதுவரை வெளிநாட்டு நூல்களைப் படியெடுத்து, உள்ளூர்ப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று சொல்லி விற்பார்கள். அப்படி வந்த பிரதி அது. பழுப்புத் தாள் அட்டை போட்டிருக்கிறார். பக்க ஓரங்களில் பென்சிலால் ஒரு குறி வருகிறது. ஐந்து கோடுகளால் ஆன ஒரு சீன எழுத்து. நம் ஊரில் நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒன்று இழுப்போமே, அதே மாதிரி இவர்கள் எண்ணிக்கைக்குப் பயன்படுத்துவது. பாடத்தைப் பார்க்காமல் ஒரு தடவை முழுவதும் சொல்லி முடித்தால் ஒரு கோடு. சில பாடங்களின் ஓரத்தில் முழு எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன.

குறிகள் மிக நெருக்கமாக இருப்பது 25ஆம் பாடத்தில். லண்டனில் வந்து இறங்கும் ஒருவர், ஓட்டலுக்கு எப்படிப் போவது என்று ஒரு ரயில்வே போர்ட்டரிடம் நல்ல ஆங்கிலத்தில், தெளிவாகக் கேட்கிறார். போர்ட்டருக்குப் புரியவில்லை. பல முறை கேட்ட பிறகு புரிகிறது. அவர் பதில் சொல்கிறார், இவருக்குப் புரியவில்லை. என் ஆசிரியர் ஒருநாளும் இப்படி ஆங்கிலம் பேசியதில்லையே, இங்கிலாந்தில் இவர்கள் பேசுவது ஆங்கிலம்தானா என்று முடிகிறது.

"ஏன் ஷூஷூ, இதை மட்டும் இத்தனை தடவை?" என்று கேட்டேன்.

"தொழிற்சாலை சார்பில் காண்டன் ஃபேர் வணிகக் கண்காட்சிக்கு அனுப்பினார்கள், லாவ்ஷி. வந்த வெளிநாட்டுக்காரர் பேசியது எதுவும் எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து இந்தப் பாடத்தை எடுத்தேன். நான் ஒருவன் மட்டும் இல்லை என்று தெரிந்தது."

அதன் பிறகு அவர் புத்தகத்தைத் தள்ளிவைத்து, கேசட்டோடு சேர்ந்து சொல்லத் தொடங்கினார். எந்தச் சொல்லை இழுக்கிறார்கள், எதை விழுங்குகிறார்கள், எங்கே குரல் ஏறுகிறது என்று பார்த்து அப்படியே. இன்றைக்கும் அவர் அந்தப் பாடத்தைச் சொன்னால், ரயில் நிலையம் பெரியது, கருப்பு, இருட்டு என்ற வரியில் குரல் இறங்குகிற விதம் ஒலிப்பதிவில் உள்ளது போலவே இருக்கிறது. என் வகுப்பில் ஒரு மாணவியும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைத் திட்டவட்டமாகச் சொல்ல வேண்டும். மேற்கத்தியப் பயிற்சி முடித்துவிட்டு வருகிற ஆசிரியர்கள் பலர், மனப்பாடம்தான் சீன மாணவர்களைக் கெடுத்தது என்று ஒரே போடாகப் போடுவார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பழைய சீனப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை ஆசிரியருக்கு முதுகைக் காட்டி நின்று பாடம் ஒப்பிக்கும். வாய்விட்டு, உரக்க. அந்தப் பழக்கம் இந்தப் புத்தகத்துக்கு அருமையாகப் பொருந்துகிறது. கெடுத்தது மனப்பாடம் இல்லை. கேட்காமல், அச்சில் பார்த்ததை மனப்பாடம் செய்ததுதான். அப்படிச் செய்த மாணவர் முதல் பாடத்தின் முதல் வரியைச் சொன்னால் உடனே தெரிந்துவிடும். எல்லாச் சொல்லுக்கும் ஒரே அழுத்தம். சீனப் பொதுமொழியான மாண்டரினில் ட், க் என்று மெய்யில் முடியும் சொல் கிடையாது என்பதால் 'வென்ட்' என்பது 'வென்ட்டெ' ஆகும். 'தியேட்டர்' 'சியேட்டர்' ஆகும். கான்டனீஸ் பேசுகிறவருக்கு நேர்மாறு: கடைசி மெய்யெழுத்து வாய்க்குள்ளேயே நின்றுவிடும். ஒலிப்பதிவோடு நிழல் போலப் பின்தொடர்ந்து சொல்ல வைத்தால் சில வாரத்தில் இது கரைவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இலக்கணம் விளக்கிக் கரைத்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தக் கையேட்டுப் பழக்கம் இன்றும் போகவில்லை. எங்கள் அடுக்குமாடியில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் நோட்டில் 'தேங்க் யூ'வுக்கு மேலே 'சான் க யோ' என்று ஒலிக்கும் மூன்று சீன எழுத்துகளைப் பொடிப்பொடியாக எழுதி வைத்திருந்தான். ஆசிரியர் பார்த்தால் திட்டுவார் என்று அவன் அம்மா கவலைப்பட்டார். வீட்டில் ஒலிப்பதிவைத் தினமும் ஓடவிடுங்கள், எழுதுவதை அவனே நிறுத்திவிடுவான் என்றேன். ஒலி கைக்கு எட்டாத குழந்தை, கையில் இருப்பதை வைத்துச் சேமித்துக்கொள்கிறது. அதைத் திட்டக் கூடாது.

சரி, குறைகளுக்கு வருவோம். இந்தப் பதிப்பில் எனக்குப் பிடிக்காத முதல் விஷயம், பாடத்தை ஒட்டியே வரும் சீன மொழிபெயர்ப்பு. தனியாகப் படிப்பவர்களுக்கு உதவி என்று போட்டிருக்கிறார்கள், புரிகிறது. ஆனால் புத்தகத்தின் பின்னால் மொத்தமாகப் போட்டிருக்கலாம். கண் அங்கே ஓடுவதை யாராலும் தடுக்க முடியாது. நான் மாணவர்களை ஓர் அட்டையால் அதை மறைக்கச் சொல்கிறேன். இரண்டாவது, உலகம் பழையது. இரண்டாம் தொகுதியின் ஐந்தாம் பாடத்தில் ஸ்காட் என்பவர் தன் இரண்டு கேரேஜ்களுக்கு நடுவே புறா மூலம் செய்தி அனுப்புகிறார், தொலைபேசி இணைப்பு கிடைக்காததால். கதை அழகானது, ஆனால் கைபேசிக் காலத்துப் பிள்ளைக்கு அதன் ருசி பாதிதான் எட்டும். பெண்கள் பெரும்பாலும் வீட்டில் இருக்கிறார்கள். 1997 திருத்தத்தில் முதல் தொகுதியின் ஐந்தாம் பாடத்தில் லூமிங், ஷியாவ்ஹுய் என்ற இரண்டு சீன மாணவர்களை வகுப்பில் உட்கார வைத்தார்கள். அதைத் தாண்டிச் சீனப் பிள்ளையின் வாழ்க்கை உள்ளே வரவில்லை.

அந்த வாழ்க்கை வேண்டுமென்றால், 1990களில் மக்கள் கல்விப் பதிப்பகமும் லாங்மேனும் சேர்ந்து பள்ளிகளுக்காகச் செய்த பாடநூலைச் சொல்வார்கள். லீ லெய், ஹான் மெய்மெய், ஜிம் கிரீன், பாலி என்ற கிளி என்று வரும் நூல். அந்தத் தலைமுறை அந்தப் பாத்திரங்களை உறவினர் மாதிரி நினைவில் வைத்திருக்கிறது. பாசம் என்று பார்த்தால் அதுவே உயர்ந்தது. ஆனால் மொழி வளர்ப்பதில் ஷின் கைநியன் இரண்டாம் தொகுதிக்கு அது ஈடில்லை. காரணம் கதை. ஒவ்வொரு பாடமும் கடைசி வரியில் ஒரு திருப்பத்தோடு முடிகிறது. ஏழாம் பாடத்தில் விமான நிலையத்தில் வைரப் பொட்டலத்தைத் திருடர்களிடமிருந்து காக்கத் துப்பறிவாளர்கள் காவல் இருப்பார்கள். பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே கல்லும் மணலும். அந்த வரி எப்போது வரும் என்று காது காத்திருக்கும். அதோடு, பாடத்தின் பின்னால் சில கேள்விகளுக்கு இத்தனை சொல்லுக்கு மிகாமல் பதில் எழுதச் சொல்லி, அந்தப் பதில்களே சேர்ந்து ஒரு சுருக்கமாக வருகிற மாதிரி அலெக்சாண்டர் அமைத்திருக்கிறார். இந்தச் சுருக்கப் பயிற்சி அபாரமானது. இங்கே பலரும் நேரமில்லை என்று தாண்டிப் போவது இதைத்தான்.

மூன்றாவது குறை புத்தகத்தின்மேல் சொல்ல முடியாதது: நடத்துகிற விதம். நூறு சொல் கதைக்கு ஒரு மணி நேரம் சீன மொழியில் இலக்கண விளக்கம் தருகிற வகுப்புகள் நிறைய உண்டு. நுழைவுத் தேர்வு ஒருபக்கம், 1987இல் வந்த கல்லூரி ஆங்கிலத் தேர்வு நான்காம் நிலை இன்னொரு பக்கம். இரண்டும் நெருக்கும்போது ஆசிரியர் விடை சொல்லிக்கொடுக்கத்தான் பார்ப்பார். 2021இல் தனியார் பயிற்சி வகுப்புகளை அரசு கட்டுப்படுத்தியது. அதற்குப் பிறகு, வகுப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்த பெற்றோர் பலர் இந்தப் புத்தகத்தை வீட்டிலேயே கையில் எடுத்திருக்கிறார்கள். அது நல்லதுக்குத்தான் என்று நினைக்கிறேன். இது தனியாக, ஒலியோடு படிக்க ஏற்ற நூல்.

வாங்குகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். முதல் தொகுதியில் 144 பாடங்கள். ஒற்றைப்படை எண்ணில் உரையாடல், இரட்டைப்படையில் அதை ஒட்டிய பயிற்சி. குடை மாறிப்போகிற மாதிரி சின்னச் சின்னக் காட்சிகள் நன்றாக இருக்கும், ஆனால் மாற்றி மாற்றி ஒரே வாக்கிய அமைப்பைச் சொல்ல வைக்கும் பயிற்சிகள் பத்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளைச் சலிக்க வைக்கும். எளிய ஆங்கிலம் ஏற்கெனவே தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இது தேவையில்லை. ஆங்கிலமே தெரியாமல் தொடங்குகிற பெரியவர்களுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. இரண்டாம் தொகுதியில் 96 பாடங்கள், நான்கு பகுதிகள், பகுதிக்கு 24. பகுதி தொடங்கும் முன் ஒரு சோதனை இருக்கிறது. அதில் தேறினால்தான் நுழைய வேண்டும். அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

மூன்றாம் தொகுதியில் 60 பாடங்கள். முதல் பாடத்திலேயே கிராமப்புறத்தில் தப்பித் திரியும் பூமா என்ற காட்டு விலங்கைப் பற்றிய நீண்ட வாக்கியங்கள். இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறும் படி உயரமானது. உடன் ஓர் ஆசிரியர் இருந்தால் ஏறலாம். தனியாக என்றால் இடையில் எளிய கதைப் புத்தகங்கள் சில படித்துவிட்டு வாருங்கள்.

இணையத்தில் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு கடையிலிருந்து எனக்கு வந்த பிரதியில் படங்கள் கரும்புள்ளியாகத் தெரிந்தன, பசை கழன்று பக்கங்கள் கையோடு வந்தன. பெரிய புத்தகக் கடையில் நேரில் வாங்குவது நல்லது. அசல் பதிப்பே அப்படியொன்றும் விலை அதிகமில்லை. புதிய அச்சுகளில் க்யூஆர் கோடு இருக்கும். கடையிலேயே அதைக் கைபேசியில் ஸ்கேன் செய்து ஒலி வருகிறதா என்று பாருங்கள். பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டிலும் பதிவுகள் உலவுகின்றன. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். 1990களில் ஃபூதூஜி என்று ஒரு கருவி இருந்தது. கேசட்டில் ஒரு வாக்கியத்தைக் குறித்துவிட்டால் அதையே திரும்பத் திரும்ப ஓட்டும். வீட்டில் பழையது கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். இப்போதைய செயலிகளிலும் அந்த வசதி உண்டு, ஆனால் ஒரே வேலைக்கான ஒரு பெட்டியில் பிள்ளையின் கவனம் சிதறுவதில்லை.

நான்காம் தொகுதி 48 பாடங்கள். அலெக்சாண்டர் எழுதிய கதைகள் அல்ல, பல எழுத்தாளர்களின் கட்டுரைப் பகுதிகள். முதல் பாடம் ஆதிமனிதனைப் பற்றி அவன் விட்டுச்சென்ற கல் கருவிகளைக் கொண்டு அறிவது பற்றியது. நடை உயர்ந்தது, தேர்வுக்குத் தயாராகிறவர்கள் இதை வரிக்கு வரி ஒப்பிக்கிறார்கள். அந்த நிலைக்கு வந்த ஒருவர் நேராக முழுப் புத்தகங்களையே படிக்கலாம் என்பது என் எண்ணம். செட்டாக வாங்கினால் கொஞ்சம் மலிவு என்று கடைக்காரர் சொல்வார். முதலில் இரண்டாவதை மட்டும் வாங்கி முடியுங்கள். நான்காவதை நூலகத்தில் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.